மூணாவது காரைத் தெரியுமா?

அம்பாஸடர் தெரியும். ஃபியட் தெரியும். ‘எங்க காலத்துல ரோட்டுல ரெண்டே காருதான்ப்பா’னு வீட்டுல தாத்தா யாராச்சும் ஆரம்பிச்சா, சும்மா தலையாட்டிடாதீங்க பாஸ். மூணாவதா ஒண்ணு இருந்துச்சு. அதைத் தயாரிச்சது கல்கத்தாவிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை. நம்ம பெருங்களத்தூர்ல!

அதே பெருங்களத்தூர்தான். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கிற வரைக்கும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போறவங்க பையும் பிள்ளையுமா ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த ஊர். இப்போ தாம்பரம் மாநகராட்சிக்குள்ளே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது எட்டிப் பார்த்தால் கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடங்களும், பக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகளும் தெரியும். அந்த மண்ணில்தான் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ என்கிற கம்பெனி கார் தயாரிச்சுது. அங்கே பிறந்த கார்களில் ரொம்ப அழகான கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

மியூசியத்தில் கயிறு கட்டி நிறுத்தின ஹெரால்டு பத்தி எழுத எனக்கு ஆசை இல்லை. தினமும் ஓடற ஹெரால்டு ஒண்ணு வேணும்னு தேடினேன். செங்கல்பட்டில் கிடைச்சுது. அதில் ஏறி மாமல்லபுரம் வரைக்கும் போய் வந்த கதை இது. கூடவே, ‘ஒரு பழைய காரை வாங்கி டெய்லி ஓட்ட முடியுமா?’ என்கிற நம்ம கேன்டீன் சந்தேகத்துக்கான பதிலும்!

மூணு கம்பெனி... மூணு ஊர்!

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோட கைகோத்து, 1948-ல் மெட்ராஸில் தொடங்கின கம்பெனி இது. ஆரம்பத்தில் ‘வான்கார்டு’. அப்புறம் 1950-களில் ‘ஸ்டாண்டர்டு 8’, ‘ஸ்டாண்டர்டு 10’.

‘பாகங்களைக் கப்பலில் இறக்கி, இங்கே நட்டு முடுக்கி விற்கிற வேலையெல்லாம் ஆகாது. இங்கேயே தயாரிக்கணும்’ என்று மத்திய அரசு 1953-ல் கறார் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-ல் மூட்டை கட்டின. அதுக்கப்புறம் கார் சந்தையில் மிச்சம் இருந்த பெரிய கைகள் மூணு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு.

இங்கிலாந்தில் 1959-ல் வந்த ‘ட்ரையம்ப் ஹெரால்டு’ காரை 1961-ல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் இங்கே இறக்கினாங்க. 948 சி.சி. இன்ஜின். முதலில் ரெண்டே கதவு. 1968-ல் வந்த மார்க் 3 மாடலில் நாலு கதவு. இங்கிலாந்தில் நாலு கதவு ஹெரால்டு தயாரிக்கவே இல்லை. அது முழுக்க முழுக்க நம்ம ஊர்ச் சரக்கு!

1971-ல் அதையே மாத்தி ‘கேஸல்’ என்று விட்டாங்க. அதுவும் 1977-ல் நின்னுபோச்சு. 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு பெரிய கார். வெளியே ரோவர் கம்பெனியோட கம்பீரமான உடம்பு, உள்ளே அந்தக் கால வான்கார்டு பரம்பரை இன்ஜின். அதுக்குள்ளே மாருதி 800 வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. 1988-ல் பெருங்களத்தூரில் கார் தயாரிப்புக்கு மொத்தமா ஷட்டர் விழுந்தது.

சரி, அம்பாஸடரும் ஃபியட்டும் பாட்டில், படத்தில், கல்யாண ஆல்பத்தில் எல்லாம் நிற்கும்போது, ஹெரால்டு மட்டும் எப்படி மறந்துபோச்சு? எனக்குத் தோணுற காரணம் ஒண்ணு. அம்பாஸடரை கவர்மென்ட் எடுத்துக்கிட்டது. ஃபியட் பம்பாய் டாக்ஸி ஆச்சு. ரெண்டு கதவு ஹெரால்டில் பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கணும். அது டாக்ஸிக்கு ஒத்துவராது. நாலு கதவு வர்றதுக்குள்ளே ஏழு வருஷம் ஓடிப்போச்சு. டாக்ஸியா ஓடினால் தினமும் ஏதாவது தேயும், தேய்ஞ்சால் ஸ்பேர் விற்கும், ஸ்பேர் விற்றால் கடை இருக்கும், கடை இருந்தால் மெக்கானிக் இருப்பார். ஹெரால்டுக்கு அந்தச் சங்கிலி கிடைக்கவே இல்லை.

இந்தச் சங்கிலியை மனசுல வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இதுதான் மேட்டர்!

மூக்கையே தூக்கலாம்!

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக் காத்து வர்ற தூரத்தில் ஒரு தகர ஷெட். வாசலில் 1969-ல் பிறந்த மார்க் 3 ஹெரால்டு. வெளிறின பச்சை. ஓனருக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். திருக்கழுக்குன்றத்தில் பம்ப்செட் கடை வெச்சிருக்கார். வீடு செங்கல்பட்டில். தினமும் போக வர முப்பது கிலோமீட்டர், இந்தக் காரில்தான். “பேரெல்லாம் போடாத தம்பி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை ஒண்ணு பாக்கி இருக்கு” என்று சிரிக்கிறார். அதனால் இனி அவர் ‘அண்ணன்’.

கூட இருக்கிறவர் மேஸ்திரி. வயசு எழுபதுக்குப் பக்கத்தில். பதினஞ்சு வயசில் ஸ்பேனர் பிடிச்ச கை. “நீ இன்ஜினீயரிங்கா? அப்ப இங்க வா” என்று என்னைக் கூப்பிட்டவர், காரோட பானெட்டைத் திறந்தார். திறந்ததும் ஒரு நிமிஷம் மிரண்டுட்டேன். பானெட் மட்டும் வரலை. ரெண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, காரோட மொத்த மூக்கும் முன்பக்கமா சாய்ஞ்சு எழுந்து நின்னுது. உள்ளே இன்ஜின், ஸ்டீயரிங் ராக், சஸ்பென்ஷன்... எல்லாம் பப்பரப்பேனு வெளிச்சத்தில்! ஆட்டோமொபைல் லேபில் வெட்டி வெச்ச மாடல்கூட இவ்வளவு தெளிவா இருக்காது.

“டயர் மேலயே உக்காந்து வேலை பார்க்கலாம். முதுகு வலிக்காத ஒரே காரு” என்கிறார் மேஸ்திரி.

இப்படி ஒரு டிசைன் வந்ததுக்குப் பின்னாடி ஒரு சங்கடம் இருக்கு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனியை, 1953-ல் போட்டிக்காரரான பி.எம்.சி. வாங்கிடுச்சு. புது மாடலுக்கு உடம்பு செய்ய ஆள் இல்லை. முழு உடம்பையும் ஒரே இடத்தில் செய்ய முடியாட்டி என்ன, துண்டு துண்டா பல இடத்தில் செய்து, தனி சேஸிஸ் மேல போல்ட் போட்டு இணைச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க. உருவம் வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி.

மற்ற கம்பெனிகள் சேஸிஸும் உடம்பும் ஒண்ணான ‘மோனோகாக்’ பக்கம் ஓடிட்டு இருந்த நேரம் அது. ஹெரால்டு பழைய வழியில் நின்னுது. அன்றைக்குக் குறையா தெரிஞ்ச அந்த விஷயம்தான் இன்றைக்கு அண்ணனைக் காப்பாத்துது. ஒரு மட்கார்டு துருப்பிடிச்சால் அந்தப் பகுதியைக் கழட்டித் தனியா டிங்கரிங்குக்கு அனுப்பலாம். கார் உடம்பை வெட்டவே வேண்டாம்.

இன்னொரு ஆச்சரியம், திருப்பம். முன்சக்கரம் ரொம்ப நல்லா மடங்கும். சுமார் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுசா திரும்பிடும். செங்கல்பட்டு சந்துக்குள் ஒரு ஆட்டோ யோசிக்கிற இடத்தில் அண்ணன் ஒரே வளைப்பில் திருப்பினார். எதிரே நின்ன ஆட்டோக்காரர் முகத்தைப் பார்க்கணுமே!

ரைஸ் மில் டு ரோடு

2017-ல் அச்சிறுப்பாக்கம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில், தவிட்டு மூட்டைக்குப் பின்னாடி இந்தக் காரை அண்ணன் பார்த்திருக்கார். அவர் அப்பா காலத்தில் வீட்டில் ஒரு ஹெரால்டு இருந்ததாம். “வாங்கின காசை விட டிங்கரிங், பெயின்ட்டுக்கு ஆன காசுதான் அதிகம். என் வீட்டம்மாவுக்கு மட்டும் பாதிதான் சொல்லியிருக்கேன், அதையும் எழுதாத” என்கிறார்.

ஆனால், வாங்கும்போது அவர் முதலில் பார்த்தது இன்ஜினை இல்லை. ஆர்.சி. புத்தகத்தை! அதில் இருந்த சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் காரில் இருந்த நம்பரும் ஒத்துப்போச்சு. “இன்ஜின் செத்தா மேஸ்திரி எழுப்பிடுவார். பேப்பர் செத்தா யாரும் எழுப்ப முடியாது” என்பது அண்ணன் பொன்மொழி.

ஸ்பேர் எங்கே கிடைக்குது? இங்கேதான் ஒரு வேடிக்கை. கிளட்ச், கேஸ்கட், சஸ்பென்ஷன் சாமான் எல்லாம் இங்கிலாந்தில் இன்னமும் புதுசா தயாரிச்சு விக்கிறாங்க. காரணம், அங்கே தயாரிச்ச ஹெரால்டு அஞ்சு லட்சத்துக்கு மேல் வித்திருக்கு. அதோட, அதே குடும்பத்து ‘ஸ்பிட்ஃபயர்’ ஸ்போர்ட்ஸ் காருக்கும் பல சாமான் பொதுவானது. அந்தக் கார்களை ஆசையா ஓட்டுறவங்களுக்கு 1977-ல் இருந்து தனி கிளப்பே இருக்கு. ஆனால் நம்ம நாலு கதவு மாடலோட பின்கதவு, அதோட கண்ணாடி, ரப்பர்? இங்கிலாந்தில் தயாரிக்காத கதவுக்கு இங்கிலாந்தில் எப்படி ஸ்பேர் இருக்கும்? அது நம்ம ஊர்க் குடோன்லயும், செத்துப்போன இன்னொரு ஹெரால்டுலயும்தான் கிடைக்கும். இல்லைன்னா மேஸ்திரி கையில் தகடு தட்டணும்.

அதாவது, வெளிநாட்டுப் பாகம் ஈஸி. உள்ளூர்ப் பாகம்தான் கஷ்டம்!

கழுகு வராத மலை

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினதும் ரெண்டு இருமல், ஒரு உறுமல். அண்ணன் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்தில், மேஸ்திரி பின்சீட்டில் வெத்தலைப் பொட்டலத்தோட. செங்கல்பட்டில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர்.

முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முழுசா நின்ன பிறகுதான் முதல் கியர் போடணும். அவசரப்பட்டால் ‘கர்ர்ர்’னு திட்டும். “இந்த காரு பொறுமை சொல்லிக் கொடுக்கும் தம்பி” என்கிறார் அண்ணன். ஐம்பது, ஐம்பத்தைந்தில் வயல்வெளியைப் பார்த்துட்டே போனோம். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்குதாம். கண்ணாடியை இறக்கிவிட்டதுதான் ஏ.சி.

வளைவுகளில் மட்டும் அண்ணன் ஆக்ஸிலரேட்டரைச் சட்டுனு விடுறதில்லை. காரணம், பின்பக்கம் இருக்கிற ‘ஸ்விங் ஆக்ஸில்’. ரெண்டு பின்சக்கரமும் தனித்தனியா மேலே கீழே ஆடும். மேடு பள்ளத்தில் சொகுசுதான். ஆனால் வேகமா வளைக்கும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். 1971-ல் கேஸல் வந்தபோது இதை எடுத்துட்டு சாதாரண ஆக்ஸிலே போட்டுட்டாங்க.

திருக்கழுக்குன்றத்தில் மலைக் கோயிலைப் பார்த்ததும் மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கிட்டார். தினமும் உச்சிப்பொழுதில் ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால் சாப்பிட்டுப் போகும்னு பேர் வாங்கின ஊர் இது. 1990-களின் கடைசியில் அந்த வரவு நின்னுபோச்சு. “சின்ன வயசுல நானே பார்த்திருக்கேன். தினம் வந்துட்டு இருந்ததுனால யாரும் பெருசா நினைக்கல. வராம போனப்புறம்தான் எல்லாரும் வானத்தைப் பார்த்தாங்க” என்றார். கொஞ்ச நேரம் காருக்குள் யாரும் பேசலை.

அப்புறம் அவரே ஆரம்பிச்சார். செங்கல்பட்டில் ஹெரால்டு வேலை தெரிஞ்ச மூணு பேரில் இப்போ மிச்சம் இவர் மட்டும்தானாம். ஷெட்டில் ஒரு பையன் ரெண்டு வருஷம் வேலை கத்துக்கிட்டு, ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போயிட்டான். “அவன் போனது தப்பில்ல. அங்க மாச சம்பளம், இங்க மாசத்துக்கு ஒரு ஹெரால்டு. எதை நம்பி இருப்பான்?”

சங்கிலினு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? கார் ஓடாட்டி மெக்கானிக் இருக்க மாட்டார். மெக்கானிக் இல்லாட்டி கார் ஓடாது.

உப்புக்குப் பேதம் தெரியாது!

மாமல்லபுரம் வந்ததும் உளிச் சத்தம் வரவேற்குது. ரோட்டோரம் முழுக்கச் சிற்பக் கூடங்கள். பல்லவர் காலத்துக் கைவேலை இன்றைக்கும் இங்கே தொழிலா நடக்குது. 1957-ல் தொடங்கின அரசுச் சிற்பக் கல்லூரியும் இங்கேதான் இருக்கு. கல்லில் வேலை பார்க்கிற கை அறுந்துபோகாமல் இருக்க, பாடத்திட்டம், வகுப்பு, பட்டம் எல்லாம் இருக்கு. தகட்டில் வேலை பார்க்கிற கைக்கு?

கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டினது. உப்புக்காத்து அந்தக் கல்லையே அரிச்சிருக்கு. அதைத் தடுக்கத்தான் தொல்லியல் துறை சவுக்கு மரங்களை வளர்த்து, அலைக்குக் கல் தடுப்பும் போட்டு வெச்சிருக்கு. கருங்கல்லுக்கே இந்தக் கதின்னா, காரோட மெல்லிசுத் தகடு எம்மாத்திரம்?

அதனால் அண்ணன் கடலுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தவே மாட்டார். ஊருக்குள்ளே மரத்தடிதான். திரும்பிப் போனதும் முதல் வேலை, அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிறது. “மேல பாலிஷ் போடறது ஊருக்கு. அடியில கழுவறது காருக்கு” என்கிறார்.

டீக்கடையில் நின்னப்போ மேஸ்திரி எனக்கு எடுத்த அரை மணி நேர வகுப்பு, ஒரு செமஸ்டருக்குச் சமம். முன்சக்கரத்துக்கு அடியில் குனிஞ்சு ஒரு பித்தளைச் சாமானைக் காட்டினார். பேரு ‘ட்ரன்னியன்’. மரை போட்ட ஒரு இரும்புத் தண்டு அதுக்குள்ளே சுத்தும். ஸ்டீயரிங் திருப்புறப்போ சக்கரம் திரும்பறது இதை வெச்சுத்தான்.

“இதுக்கு கிரீஸ் அடிக்கவே கூடாது. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் கெட்டியா அடைச்சுக்கும், மரை வரைக்கும் போகாது. தண்ணி இறங்கி உள்ள துருப்பிடிக்கும். ஒரு நாள் தண்டு பட்டுனு ஒடையும். சக்கரம் மடிஞ்சு வண்டி உக்காந்துரும்” என்றார். ரெண்டு நிமிஷ வேலை. நூறு ரூபாய்க்குள் ஆயில். ஆனால் இது தெரியாத கையில் கிரீஸ் கன் இருந்தால் கதை முடிஞ்சது. ஒரு காரைக் காப்பாத்தறது பெரும்பாலும் இந்த மாதிரி சின்னச் சின்ன விஷயம்தான். இதெல்லாம் அவர் தலைக்குள்ளேதான் இருக்கு.

ஓடற ரசீதா, நிற்கிற ரசீதா?

அண்ணன் சொன்ன அந்த ‘ஆர்.டி.ஓ. வேலை’ என்னன்னு இப்போ சொல்றேன். இதுதான் இந்தக் காரோட தலையெழுத்து.

சொந்தக் காருக்கு முதல் பதிவு பதினஞ்சு வருஷம் செல்லும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ரினியூவல் பண்ணணும். 2021-ல் அண்ணன் ரினியூவல் பண்ணப்போ மத்திய அரசுக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. இந்த வருஷம் அண்ணனோட முறை.

இதுக்கு மாற்றா இன்னொரு வழியும் இருக்கு. 2021 ஜூலையில் வந்த ‘வின்டேஜ்’ விதிகள். அம்பது வயசு தாண்டின, பெருசா மாத்தம் செய்யாத கார்களுக்குத் தனிப் பதிவு. நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று தனி எழுத்து. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். அதுக்கப்புறம் 5,000தான்.

கால்குலேட்டர் எடுங்க. பத்து வருஷத்துக்குச் சாதாரண ரினியூவல் ரெண்டு தடவை, 20,000. வின்டேஜும் 20,000. காசு ஒண்ணுதான். அதோட வின்டேஜ்னா கௌரவம் வேற. அப்புறம் என்ன யோசனை?

ஒரே ஒரு நிபந்தனைதான். வின்டேஜ் பதிவு வாங்கின காரைத் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடறது, இந்த மாதிரி காரியங்களுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். பம்ப்செட் கடைக்குப் போக முடியாது!

“ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டார். ஏ.சி. ரூம்ல வெச்சுப் பார்த்துக்கிறேன்னார். என் காரு அங்க பளபளன்னு இருக்கும், சரிதான். ஆனா மேஸ்திரிக்கு அங்க என்ன வேலை? ஓடாத வண்டிக்கு எண்ணெய் விட ஆள் எதுக்கு?” என்கிறார் அண்ணன். சாதாரண ரினியூவலுக்கு ஃபார்ம் நிரப்பி டேஷ்போர்டில் வெச்சிருக்கார்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். புகை விஷயத்தில் ஹெரால்டு இன்றைய பி.எஸ். 6 காரோட போட்டியே போட முடியாது. ஏர்பேக் கிடையாது. எல்லா வீட்டு வாசலிலும் ஒரு ஐம்பது வருஷக் கார் ஓடணும்னு யாராச்சும் சொன்னா, நானே எதிர்த்துப் பேசுவேன். அண்ணனும் புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ரெண்டையும் ஒரு நாள்கூட விடறதில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தில் பிறந்த காரை, அதே மாவட்டத்தில் ஒரு சிலராவது ஓட்டினால்தான் அந்த வேலை தெரிஞ்ச கை மிச்சம் இருக்கும் இல்லையா?

இது ஹெரால்டோட நிற்கிற கதையும் இல்லை. அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே தள்ளி மறைமலை நகர் ஃபோர்டு ஃபேக்டரி. 1999-ல் ‘ஐகான்’ வந்தப்போ நம்ம அண்ணன்மார் காலேஜ் வாசலில் வாயைப் பிளந்து பார்த்த கார். 2022-ல் அங்கே கார் தயாரிப்பு நின்னுபோச்சு. இன்றைக்குப் பழைய கார் சந்தையில் ஐகானைச் சீந்த ஆள் குறைவு. அடுத்த ‘மூணாவது கார்’ அதுவா இருக்கலாம். நம்ம பட்ஜெட்டுக்கு எட்டற கிளாஸிக்கும் அதுதான்!

வாங்கப் போறீங்களா பாஸ்?

அண்ணனும் மேஸ்திரியும் சேர்ந்து கொடுத்த டிப்ஸ் இதோ. எந்தப் பழைய காருக்கும் பொருந்தும்.

1. முதல்ல பேப்பர். ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் காரோட ஒத்துப்போகணும். பதிவு எப்போ முடியுதுன்னு பாருங்க. விக்கிறவர் ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போடாமல் காசு கைமாறக் கூடாது. ரினியூவலுக்கு ஃபார்ம் 25.

2. அப்புறம் அடிப்பக்கம். பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், படுத்துப் பாருங்க. சேஸிஸ், தரைத்தகடு, டிக்கித் தரை மூணும் துருவுக்குப் பிடிச்ச இடம். சின்னச் சுத்தியலால் தட்டினால் ‘டங்’னு கேட்கணும். ‘பொத்’னா வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

3. கடலோரத்தில் வருஷக்கணக்கா நின்ன காரை விட, உள்ளூரில் ஓடாமல் தூசியில் கிடந்த கார் எவ்வளவோ மேல்.

4. பெட்ரோல் குழாயை மாத்துங்க. இப்போ பங்க்கில் வர்றது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும், பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் அது அரிச்சுடும். வெடிச்ச குழாய் சூடான இன்ஜின் மேல ஒழுகினால் என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். எத்தனால் தாங்கற குழாய் கிடைக்குது.

5. டிராஃபிக்கில் சூடேறும். பழைய கார்களில் ஃபேனை இன்ஜின்தான் சுத்தும். வண்டி நிற்கும்போது ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும். ரேடியேட்டரைச் சுத்தமா வெச்சுக்கோங்க. ஜி.எஸ்.டி. ரோடு சாயங்கால ஆறு மணியைத் தவிர்த்துடுங்க.

6. டயர் கவலை வேண்டாம். ஹெரால்டுக்கு 13 இன்ச். இன்றைய சின்ன கார்களுக்கு வர்ற அளவுதான்.

7. காரைத் தேடறதுக்கு முன்னாடி மெக்கானிக்கைத் தேடுங்க. அவர் ‘முடியும்’னு சொன்னால்தான் காருக்கு அட்வான்ஸ்!

‘என்ன கம்பெனிண்ணே?’

டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பற நேரத்தில், பைக்கில் வந்த ரெண்டு பசங்க காரைச் சுத்திச் சுத்தி வந்தாங்க. ஒருத்தன் போனில் படம் எடுத்துட்டுக் கேட்டான்: “செமயா இருக்குண்ணே... என்ன கம்பெனி? ஃபாரினா?”

“பெருங்களத்தூர்” என்றார் அண்ணன்.

அவன் கலாய்க்கிறார்னு நினைச்சுச் சிரிச்சான். மேஸ்திரி எழுந்து போய் மூக்கைத் தூக்கிக் காட்டினார். ரெண்டு பேரும் போனை பாக்கெட்டில் வெச்சுட்டுக் குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சாங்க. “இது என்ன தாத்தா, இது எதுக்கு?” என்று ஒவ்வொண்ணா கேள்வி. மேஸ்திரி டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பதில் சொல்லிட்டே இருந்தார்.

கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். “பாயின்ட் கேப் பதினஞ்சு தௌ. கேஜ் வெச்சு பார்க்கத் தெரியுமா?”

“புக்குல படிச்சிருக்கேன் தாத்தா.”

“புக்குல இருக்கட்டும். லீவு எப்ப?”

மே மாசம் செமஸ்டர் லீவு. கொளவாய் ஏரி பக்கம், தகர ஷெட். சம்பளம் கிடையாது, டீ உண்டு. நான் வர்றேன்னு சொல்லிட்டேன். இன்னும் ரெண்டு கைக்கு அங்கே இடம் இருக்கு... யார் வர்றீங்க?